இடுப்பளவு வெள்ளம்

அந்த ஊரில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோதெல்லாம் தண்ணீர் தையல்காரியின் இடுப்புவரை ஏறியது, அங்கேயே நின்றது. அதற்கு மேல் ஒரு விரற்கடை போனதில்லை, கீழே நின்றதுமில்லை. எவ்வளவு மழை, எத்தனை மணி நேரம், மேலே எந்த அணையைத் திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு வேண்டிய சங்கதி. ஊர்க்காரர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: தையல்காரி இப்போது எங்கே நிற்கிறாள்? அவள் தரையில் நின்றால் தரையிலிருந்து இடுப்பளவு, மேசை மேல் நின்றால் மேசையிலிருந்து இடுப்பளவு. அந்த மட்டத்துக்கு ஏற்றபடி ஊர் முழுவதும் தண்ணீர் ஏறும், இறங்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்தவர்களின் ஊரில் வெள்ளம் கூரைக்கு மேல் போனது, இங்கே போகவில்லை. ஆகவே அந்தச் சிரிப்பை இவர்கள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அவள் கல்யாணமாகி வந்த வருஷமே விஷயம் வெளிப்பட்டுவிட்டது. கணவர் பஸ் கண்டக்டர். வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷினும் துணி வெட்டும் பெரிய மேசையும் போட்டு அவள் கடை தொடங்கியிருந்தாள். முதல் வெள்ளம் ஒரு மதியத்தில் வந்தது. தண்ணீர் இடுப்பைத் தொட்டதும், யாராக இருந்தாலும் செய்வதை அவளும் செய்தாள், மேசை மேல் ஏறி நின்றாள். தண்ணீரும் பின்னாலேயே ஏறி இடுப்பைத் தொட்டது. வெலவெலத்துப்போய் மாடிப்படி ஏறினாள், மொட்டை மாடிக்கே போய்விட்டாள். தண்ணீர் அங்கேயும் வந்தது. அதற்குள் எதிரே இருந்த முடிதிருத்தும் கடையைக் காணவில்லை, அஞ்சல் அலுவலகத்தைக் காணவில்லை, ஊரில் பாதிப் பேர் மேல்நிலைத் தொட்டியின் மேல் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரும் அங்கேதான் இருந்தார். ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்தே பழகிய கண் அவருடையது. மனைவி ஏற ஏறத் தண்ணீரும் ஏறுகிறது என்பது முதலில் அவருக்குத்தான் உறைத்தது. “கீழ இறங்கு, நீ இறங்கினாத்தான் தண்ணி இறங்கும்” என்று தொட்டி மேலிருந்து கத்தினார். கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் சாகச் சொல்கிறாரே என்று அவள் அழுதாள். அழுதுகொண்டேதான் இறங்கினாள். தண்ணீரும் இறங்கியது. ஆடு மாடும் கட்டில் பீரோவும் போயின, ஆள் சேதம் இல்லை.

அன்று சாயங்காலமே நகராட்சி கூடியது. ஈரக் கால்சட்டையோடு உட்கார்ந்து பேசியதால் கூட்டம் சுருக்கமாக முடிந்தது. அவள் எவ்வளவு தாழ்வான இடத்தில் நிற்கிறாளோ அவ்வளவுக்கு ஊர் பிழைக்கும். மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது, ஊரிலேயே அதுதான் தாழ்வு. அங்கே அவளை நிறுத்தினால் இடுப்பளவுத் தண்ணீர் பள்ளத்தோடு நின்றுவிடும், தெருவில் ஒரு சொட்டு ஏறாது. அடுத்த வெள்ளத்திலிருந்து அதுவே நடைமுறை. ஆற்றின் சத்தம் மாறியதும் நகராட்சி டிராக்டர் கடை வாசலுக்கு வரும். அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு ஏறிப் போய்ப் பள்ளத்தில் இறங்கி நிற்பாள். ஆறு வடியும்வரை நிற்க வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை செருப்பு நழுவிவிட, குனிந்து தேடினாள். அவள் குனிந்ததும் தண்ணீர் அசைந்தது. ஏறியதா இறங்கியதா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை, அசைந்தது என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது, கரையில் நின்ற கூட்டம் அலறிக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு, வெள்ள நேரத்தில் தையல்காரி அசையக் கூடாது என்று தீர்மானம் போட்டு, அதைக் கவனிக்க ஓர் ஆளையும் நியமித்தார்கள். அவர் ஒரு கையில் அவளுக்குக் குடை பிடிப்பார், இன்னொரு கையில் விசில் வைத்திருப்பார், அவள் முழங்கால் மடங்கினால் ஊதுவார். ஊரே அவரைக் குடைக்காரர் என்றது. டீ ஊற்றிக் கொடுக்கும்போது விசிலைப் பல்லில் கடித்துக்கொள்வார். மற்ற உபாதைகளைப் பற்றி யாரும் அவளை விசாரிக்கவில்லை. இடுப்பளவு ஓடுகிற தண்ணீரில் நிற்பவளுக்கு இருந்த ஒரே சௌகரியம் அது.

இப்படியே இருபது வருஷம் ஓடியது. ஊருக்கு நன்றி இல்லை என்று சொல்லிவிட முடியாது. பஸ்ஸில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் விட்டார்கள், தையல் கூலியில் பேரம் பேசுவதை மட்டும் விடவில்லை. மழைக்காலத்தில் அவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவள் இல்லாத நேரத்தில் வெள்ளம் வந்தால் எதுவரை ஏறும் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் யாருக்கும் இல்லை. அவளுடைய அக்கா மகளின் கல்யாணம் மழைக்காலத்தில் வந்தது. மணப்பெண்ணுக்கு அவளே தைத்த உடுப்பைக் கண்டக்டர் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு வானம் பளிச்சென்று இருந்தது, ஒரு தூறல்கூட இல்லை. அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முட்டி இரண்டும் வீங்கிக்கொண்டே வந்தன, படி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஊரில் மற்ற பெண்கள் வெள்ளம் வந்தால் வீட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, சூடாக டீ குடித்து, மழையைத் திட்டுவார்கள். ஒரே ஒரு வெள்ளத்திலாவது அவளும் அப்படிக் காலை நீட்டி உட்கார்ந்து மழையைத் திட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குள் ஊருக்கு வெள்ளம் என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. தண்ணீர் வராத இடமென்று நம்பி ஐஸ் ஃபேக்டரியைச் சுற்றி வீடு கட்டினார்கள், பள்ளத்தின் விளிம்புவரை கட்டினார்கள். எல்லாவற்றிலும் விளிம்பை ஒட்டி நின்றது நகராட்சித் தலைவரின் வீடு. வெள்ளம் வரும் நாட்களில் அவர் பால்கனியில் நின்று, கீழே தண்ணீரில் நிற்கும் தையல்காரியைப் பார்த்துக் கையசைப்பார். மனிதர் கெட்டவர் இல்லை. அசையக் கூடாது என்பதால் அவளால் திருப்பிக் கையசைக்க முடிந்ததில்லை.

மேப்காரர் வந்தது அந்தச் சமயத்தில்தான். எல்லா ஊர்களுக்கும் வெள்ள அபாய வரைபடம் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டு, ஆழத்துக்கு ஏற்ப நிறம் தீட்டிக் காட்ட வேண்டும். அந்த வேலைக்கு வந்த இளைஞர் கண்டக்டர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தார். பகலெல்லாம் முக்காலியையும் மட்டம் பார்க்கும் கருவியையும் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார், சுவர்களில் பழைய வெள்ளத்தின் கறையைத் தேடுவார், வீட்டுக்காரர்களிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்பார். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைச் சொன்னார்கள். வெளியூர்க்காரனைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று அவர் நினைத்தார். ஆற்றின் அகலம், தரையின் சரிவு, மழைப் பதிவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், ஊரில் பாதி முழுகும் என்று அது அடித்துச் சொன்னது. சுவர்கள் இல்லையென்றன. தொடக்கத்தில் டிராக்டர் தாமதமான ஒரு வருஷத்துக் கறை தையல்கடை வாசலிலிருந்து இடுப்பளவு. டிராக்டர் நூலகத்துக்கு எதிரே பழுதாகி நின்ற வருஷம், அவளை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றாமல் அவள் டிராக்டர் மேலேயே நின்றதால், மேல் அடுக்குப் புத்தகங்கள்வரை கறை இருந்தது. கடைசியில் மேப்காரர் வெறுத்துப்போய், மழையைத் தூக்கிவிட்டுத் தையல்காரியின் இடுப்பைக் கணக்கில் போட்டுப் பார்த்தார். ஒரு சுவர் பாக்கியில்லாமல் பொருந்தியது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் கடைக்கு வந்து, காஜா வைத்துக்கொண்டிருந்தவளின் முன்னால் தயங்கித் தயங்கி நின்றார்.

“அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. தரையிலேர்ந்து உங்க இடுப்பு எவ்வளவு உயரம்னு தெரியணும். ஆபீஸ் வேலைக்குத்தான்.”

“ஊர்ல எல்லார் இடுப்பையும் நான் அளந்திருக்கேன் தம்பி. என் இடுப்பைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்.”

உள்ளே கண்டக்டர் வேண்டுமென்றே இருமினார். அவள் டேப்பின் ஒரு நுனியைக் கால் பெருவிரலால் மிதித்துக்கொண்டு, மறுநுனியைத் தானே இடுப்பில் வைத்து அளவைச் சொன்னாள். மேப்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

வரைபடம் தயாரானதும் அதை விரித்துப் பார்க்க ஊரில் போதுமான அளவுள்ள மேசை அவளுடைய துணி வெட்டும் மேசைதான். வெட்டிவைத்த துணியை ஒதுக்கிவிட்டு அவர் அதை விரித்தார். தண்ணீர் வராத இடம் பச்சை, கணுக்கால் அளவுக்கு மஞ்சள், முழங்காலுக்கு ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. தெருக்கள், பள்ளிக்கூடம், சந்தை, தலைவரின் வீடு எல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தன. ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் மட்டும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிவப்பு. தையல்காரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இது என்ன தம்பி?”

“அது நீங்க, அக்கா.”

அவர் விளக்கினார். பாவம், அவருக்கு விளக்குவதென்றால் கொள்ளை ஆசை, கேட்கத்தான் ஆள் இல்லை. தண்ணீர் வருகிறதே, அதற்குப் பேர் அபாயம். அது வருகிற வழியில் ஆளோ வீடோ இருந்தால்தான் இடர். வெறும் பொட்டலில் ஆளுயரத் தண்ணீர் நின்றாலும் அபாயம் உண்டு, இடர் கிடையாது. இன்னொன்றும் உண்டு, வழியில் இருக்கிறவர் எவ்வளவு சீக்கிரம் அடிபடக் கூடியவர் என்பது. நீந்தத் தெரிந்தவனுக்கு ஒரு கணக்கு, முட்டி வீங்கினவளுக்கு வேறு கணக்கு. அவள் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு கேட்டாள், பிறகு ஊசியை எடுத்துவிட்டுப் பேசினாள்.

“அப்போ ஊர்ல வேற யாருக்கும் இந்த இடர் இல்லையா?”

“கணக்குப்படி இல்லக்கா. மொத்தமும் உங்க ஒருத்தர் மேலதான் இருக்கு.”

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. இருபது வருஷமாக முட்டி வலி என்று நினைத்துக்கொண்டிருந்ததை ஒருவன் நிறம் தீட்டிக் காட்டிவிட்டான். நிற்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பள்ளத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் கைக்குழந்தைகள் இருந்தன, அவற்றின் சட்டைகளை அவள்தான் தைத்திருந்தாள். அன்று ஒரு கால்சட்டைக்கு இரண்டு காலையும் இடதாகவே தைத்துவைத்தாள்.

வரைபடம் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனது. பச்சையைக் கண்டு உறுப்பினர்கள் பூரித்துப்போனார்கள். தலைவர் சிவப்புப் பொத்தானை விரலால் மறைத்துவிட்டு, இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது என்றார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. மேப்காரர் மேலும் விளக்கப் போனார். போன மழைக்காலத்தில் வந்தது நூறாண்டு வெள்ளம் என்று அவர் வாய் தவறாமல்தான் சொன்னார். எந்த ஒரு வருஷத்திலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் என்று அதற்கு அர்த்தமும் சொன்னார். அதற்குள் தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

“நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது போன வருஷமே வந்துட்டுப் போயிடுச்சு. அப்போ அடுத்தது நம்ம பேரனுக்குப் பேரன் காலத்துல. அப்படித்தானே?”

மேப்காரருக்கு வியர்த்துவிட்டது. ஒரு குடத்தில் நூறு சீட்டுப் போட்டு, அதில் ஒன்றில் மட்டும் வெள்ளம் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சீட்டை எடுக்கிறோம், பார்த்துவிட்டு மறுபடியும் குடத்திலேயே போட்டுவிடுகிறோம், அதனால் அடுத்த வருஷமும் அதே சீட்டு வரலாம்.

“எதுக்குத் தம்பி மறுபடி போடறீங்க? எடுத்ததை வெளிய வச்சிட வேண்டியதுதானே?” என்றார் தலைவர்.

சபை கைதட்டியது. இவ்வளவு படித்தவனுக்கு இது தோன்றவில்லையே என்று ஓர் உறுப்பினர் வருத்தப்பட்டார். அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியது: வெள்ளச் சீட்டை வெளியே வைத்தாயிற்று, தையல்காரிக்குத் தொண்ணூற்றொன்பது வருஷம் விடுப்பு. டிராக்டரைக் குப்பை அள்ள அனுப்பினார்கள். குடைக்காரரைப் பூங்காவுக்கு மாற்றினார்கள், அங்கே அவர் பெஞ்சில் நெருங்கி உட்காருகிற ஜோடிகளைப் பார்த்து விசில் ஊதினார். மேப்காரர் மூன்று தடவை ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். தலைவர் மூன்றையும் அன்போடு வாங்கிக்கொண்டார்.

தையல்காரிக்கு மேப்காரர் சொன்னது விளங்காமல் இல்லை. குடத்தில் போட்ட சீட்டு குடத்தில்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊரே கூடி நிற்க வேண்டாம் என்று சொல்லும்போது, இல்லை, நிற்கிறேன் என்று சொல்ல அவள் என்ன கிறுக்கியா? மாடியில் தகரக் கூரை போட்டு, கைவைத்த நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டார் கண்டக்டர். வெயில் காலம் முழுக்க அவள் அதில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள். முட்டி வீக்கம் கொஞ்சம் வடிந்தது. கண்டக்டரே கவனித்துச் சொன்னார், அவள் தூக்கத்தில் பல் கடிப்பதை விட்டுவிட்டாள் என்று.

அடுத்த மழைக்காலமே ஆறு உடைத்துக்கொண்டது. காலையில் சத்தம் மாறியது, மதியத்துக்குள் தண்ணீர் ஊருக்குள் இருந்தது. குப்பை ஏற்றிய டிராக்டர் ஊர் எல்லையில் எங்கோ நின்றது. தையல்காரி மாடியில் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் டீயோடு, மழையைத் திட்ட ஆரம்பித்திருந்தாள். இரண்டு வாய்கூடக் குடித்திருக்க மாட்டாள். கடைக்குள் புகுந்த தண்ணீர் மேசையை மூழ்கடித்துவிட்டு மாடிப்படியில் ஏறிவந்தது. அதற்கு அவளுடைய இடுப்பு வேண்டும், இடுப்பு மாடியில் இருந்தது. வரைபடத்தில் பச்சையாக இருந்த வீடுகளிலிருந்து ஆட்கள் கூரைக்கும், கூரையிலிருந்து தொட்டிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தலைவர் தொட்டி மேல் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். இந்தத் தடவை அதில் அன்பு கொஞ்சம் குறைவு, அவசரம் அதிகம்.

அவள் டீயைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். “வரேன் வரேன், கத்தித் தொலையாதீங்க” என்று யாரும் கேட்காவிட்டாலும் சொன்னாள். கண்டக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு படி இறங்கினால் தண்ணீர் மார்புவரை வரும், சற்று நேரத்தில் இடுப்புக்கு வடியும், பிறகு அடுத்த படி. அப்படி நாலைந்து படி இறங்கியிருப்பாள், வலது முட்டி மடங்கிவிட்டது. சுவரைப் பிடிப்பதற்குள் பொத்தென்று படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வாயைத் தொட்டது, மூக்கைத் தொட்டது. கண்டக்டர் பதறிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

“எழுந்திரு, எழுந்திரு, மூச்சு முட்டிடும்.”

அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். மூக்கைத் தொட்ட தண்ணீர் மோவாய்க்கு வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோளுக்கு இறங்கியது, மார்புக்கு இறங்கியது, உட்கார்ந்திருந்தவளின் இடுப்புக்கு வந்து சமர்த்தாக நின்றது. கண்டக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். இருபது வருஷத்தில் எத்தனை வெள்ளம், எத்தனை மணி நேரம், எத்தனை விசில் என்று அவள் மனதுக்குள் ஓடியிருக்க வேண்டும், முகம் அப்படிச் சிவந்துபோயிற்று. பிறகு, நடை பழகாத குழந்தை இறங்குவதுபோல, உட்கார்ந்தவாக்கிலேயே ஒவ்வொரு படியாக நகர்ந்து நகர்ந்து இறங்கினாள். தண்ணீர் அவளுக்கு முன்னால் இறங்கிக்கொண்டே போனது. எதிர்க் கடையின் பலகை வெளியே வந்தது, சைக்கிள்கள் வெளியே வந்தன. அவள் கடை வாசலுக்கு வந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்தபோது தெருவில் கணுக்கால் அளவுதான் இருந்தது. பள்ளத்தை ஒட்டிய வீடுகளில் முழங்கால் அளவு இருக்கலாம். கைக்குழந்தைகளைக் கீழே இறக்கினார்கள்.

தலைவர் முழங்காலுக்கு மேல் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னால் உறுப்பினர்கள், பூங்காவிலிருந்து குடைக்காரர், ஈரக் காலுறையோடு மேப்காரர். நடந்ததைக் கண்டக்டர் சொல்லக் கேட்டதும் தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“உட்கார்ந்தா தண்ணி இறங்கும்னு நீ ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?”

“நீங்க யாராவது ஒரு தடவை உட்காருன்னு சொன்னீங்களா?” என்றாள் தையல்காரி.

குடைக்காரர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தலைவர் தொண்டையைச் செருமினார். மனிதருக்குப் புத்தி வேகம், அதை மறுக்க முடியாது. சரி, போனது போகட்டும் என்றார். தங்கச்சி இனிமேல் நிற்கவே வேண்டாம், பள்ளத்தில் ஒரு நல்ல பலகை போட்டுத் தருகிறோம், அதில் உட்கார்ந்துகொள்ளட்டும், ஊரில் ஒரு வீடு நனையாது என்றார். டிராக்டருக்கு ஆள் போயிருப்பதாகவும், இப்போதே கிளம்பலாம் என்றும் சொன்னார். அவருடைய வீட்டுக் கூடத்தில் அந்த நேரத்தில் சோபா மிதந்துகொண்டிருந்தது.

“பள்ளத்துக்கு வரமாட்டேன். என் வீட்டு வாசல்ல உட்கார்ந்துக்கறேன்.”

“இங்க உட்கார்ந்தா எங்க தெருவுல முழங்கால் தண்ணி நிக்குதும்மா. ஊரையும் கொஞ்சம் நினைச்சுப் பாரு.”

தையல்காரி ஊரை நினைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மறுகையைக் கண்டக்டரின் பக்கம் நீட்டினாள்.

“அப்போ எழுந்து நிக்கட்டுமா?”

அவள் இடுப்பு தரையை விட்டு அரையடி உயர்ந்தது, தலைவரின் கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலை எட்டப் பார்த்தது. “உட்காரும்மா, உட்காரு, உட்காரு” என்றார் தலைவர். இருபது வருஷத்தில் ஊர் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான், அதையும் மூன்று தடவை சொன்னது. உறுப்பினர்களும் கூடவே சொன்னார்கள். அவள் உட்கார்ந்தாள். மாடியிலிருந்த டீ ஆறிப்போயிருக்கும் என்று சொல்லி, புதிதாகப் போடச் சொல்லிக் கண்டக்டரை உள்ளே அனுப்பினாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து மழையைத் திட்ட ஆரம்பித்தாள், தலைவர் எதிரே நின்றிருந்ததால் நடுநடுவே அவருக்கும் கொஞ்சம் விழுந்தது.

மேப்காரர் புது வரைபடம் போட்டார். ஆளில்லாத பள்ளத்தைத் தவிர அதில் சிவப்பு எங்கேயும் இல்லை. பச்சையும் முன்னளவு இல்லை. தையல்கடையைவிட மேட்டில் இருந்த தெருக்கள் பச்சை, மற்றதில் பெரும்பகுதி வெளிறிய மஞ்சள், தலைவரின் வீட்டைச் சுற்றி ஆரஞ்சு. ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டால் மொத்த இடர் இப்படித்தான் வெளிறிப்போகும் என்று அவர் கூட்டத்தில் விளக்கினார், இந்தத் தடவை எல்லோரும் கேட்டார்கள். மஞ்சளில் இருந்தவர்கள் முணுமுணுத்துவிட்டு வாசற்படியை ஒரு கல் உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள், மெத்தைகளைப் பரண் மேல் போட்டார்கள். தலைவர் கூடத்து சோபாவுக்கு உயரமான கால் வைத்தார். தொண்ணூற்றொன்பது வருஷ விடுப்பு ரத்தானது, வெள்ளச் சீட்டை மறுபடியும் குடத்தில் போட்டார்கள். வரைபடத்தின் அடியில், தையல்காரி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் நிலையில் கணக்கிடப்பட்டது என்று ஒரு வரி அச்சாகியிருக்கிறது. மேலிடத்து அலுவலகம் அது என்ன என்று கேட்டு எழுதவில்லை. எல்லா வரைபடத்திலும் அடியில் ஏதோ ஒரு வரி இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை.

ஆறு இப்போதும் ஒரு வருஷம் தவறினாலும் மறுவருஷம் தவறாமல் வருகிறது. வெள்ள நாளில் அந்தத் தெரு வழியாகப் போகிறவர்கள், வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவளிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நூல்கண்டு உருண்டு போனால் ஓர் ஆள் எடுத்துக் கொடுக்கிறார், அடுப்பில் பால் பொங்கினால் ஓர் ஆள் ஓடிப்போய் இறக்குகிறார், டீக்குத் தலைவர் வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க் வந்துவிடுகிறது. எழுந்திருக்கிற மாதிரி ஒரு வேலையும் அவளுக்கு வராமல் ஊர் பார்த்துக்கொள்கிறது.